கோடைப் பயிற்சிக்கு எங்கே போவது? உயிர்ப்புள்ளியியல் மாணவிக்கு ஒரு பதில்

கேள்வி: திருச்சியில் பி.எஸ்சி. புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூவில் கணிதம், கணினி அறிவியல் பிரிவு எடுத்ததால் உயிரியல் படித்ததில்லை. மருத்துவ ஆய்வுகளின் தரவை அலசும் உயிர்ப்புள்ளியியல் உனக்குப் பொருந்தும் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். அடுத்த கோடை விடுமுறையில் அதற்கான பயிற்சிக்குப் போய்ப் பார்க்க விரும்புகிறேன். ஒரு தனியார் பயிற்சி நிலையம் ஆறு வார இன்டர்ன்ஷிப்புக்கு 18,000 ரூபாய் கேட்கிறது. சான்றிதழும் வேலைக்கு உதவியும் உண்டு என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா, அங்கே இதற்கென்றே கோடைப் பயிற்சிகள் நடப்பதாகச் சொல்கிறார். அப்பா கேட்பது ஒன்றுதான்: இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதம் ஐப்பசியிலேயே வந்தது நல்லதாகப் போயிற்று. கோடைப் பயிற்சி பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஏப்ரலில், கையில் ஹால் டிக்கெட் வந்த பிறகு எழுதப்பட்டவை. அதற்குள் கேட்க வேண்டிய இடங்களில் எல்லாம் ஆள் எடுத்து முடித்திருப்பார்கள்.

முதலில் அந்த 18,000 ரூபாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்கு மட்டும் ஏதாவது ஒரு கெடு வைத்திருப்பார்கள். பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். நான் கையாளப்போவது எந்த ஆய்வின் தரவு? என் வேலையைத் தினமும் பார்த்துத் திருத்தப்போகிறவர் யார், அவர் இதுவரை எந்த மருத்துவ ஆய்வில் பணியாற்றியிருக்கிறார்? ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? ஆறு வாரம் முடியும்போது நானே எழுதிய எது என் கையில் இருக்கும்? பதிவு செய்த காணொளிகள், எல்லோருக்கும் ஒரே மாதிரித் தரவு, கடைசியில் பெயர் அச்சிட்ட சான்றிதழ் என்ற வகையில் பதில் வந்தால் பணத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பணம் வாங்கும் நிலையங்கள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. எம்.எஸ்சி. முடித்தபின், மருந்து நிறுவனங்களில் நிரல் எழுதும் வேலைக்கென்று சாஸ் மென்பொருளை முறையாகக் கற்றுத்தரும் இடங்களால் பயன் அடைந்தவர்கள் உண்டு. ஆனால் அந்த சாஸ் மென்பொருளையே மாணவர்கள் இணையம் வழியாக இலவசமாகப் பயன்படுத்த அந்நிறுவனம் வசதி செய்து கொடுத்திருக்கிறது. ஆர் மென்பொருளோ எல்லோருக்கும் எப்போதும் இலவசம். இரண்டாம் ஆண்டில் உங்களுக்கு இன்னும் தெரியாமல் இருப்பது மென்பொருள் அன்று. இந்த வேலை நாள் முழுக்க எப்படி இருக்கும், அது உங்களுக்குப் பிடிக்குமா என்பதுதான் தெரியாது. கோடைப் பயிற்சி அதைத் தெரிந்துகொள்வதற்கான ஏற்பாடு. சான்றிதழ் அதைச் சொல்லித் தராது.

நான் எம்.எஸ்சி. முதலாண்டு முடித்த கோடையில் ஒரு மருத்துவமனை ஆய்வில் உட்கார்ந்தேன். ரிக்ரெஷன் போன்ற பெரிய கணக்குகள் செய்யப்போகிறோம் என்ற நினைப்போடு போனவளிடம் முதல் நாள் கொடுத்தது கர்ப்பிணிப் பெண்களின் விவரம் அடங்கிய எக்செல் தாள் ஒன்றும், கட்டுக்கட்டாகக் காகிதப் படிவங்களும்தான். ஹீமோகுளோபின் பத்தியில் 10.4, 9.8, 11.1 என்று வந்துகொண்டிருந்த எண்களுக்கு நடுவே 112, 98, 105 என்று சில எண்கள் நின்றன. தட்டச்சில் புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் பத்தால் வகுத்துவிட்டுப் பெருமையோடு போய்ச் சொன்னேன். எனக்கு மேலே இருந்த புள்ளியியலாளர் திட்டவில்லை. படிவங்களை எடுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தால், பெரும்பாலானவை வேறோர் ஆய்வகத்திலிருந்து வந்தவை. அங்கே டெசிலிட்டருக்கு எத்தனை கிராம் என்று எழுதாமல், லிட்டருக்கு எத்தனை கிராம் என்று எழுதுகிறார்கள். அவற்றைப் பொறுத்தவரை நான் செய்த வகுத்தல், காரணம் தெரியாமலேயே சரியாகிவிட்டது. ஆனால் 99 என்று இருந்த மூன்று இடங்களில் அது ஹீமோகுளோபினே இல்லை; சோதனை செய்யப்படவில்லை என்பதற்கு அந்தப் படிவத்தில் வைத்திருந்த குறியீடு. அந்த மூன்று பெண்களுக்கும் இல்லாத சோதனைக்கு 9.9 என்று நானே முடிவு எழுதி, இரத்தசோகைக் கணக்கில் சேர்த்திருந்தேன். அன்றைக்கு இரண்டு மணி நேரம் படிவங்களைப் புரட்டியதில் நான் கற்றதை எந்த வகுப்பும் எனக்குக் கற்றுத் தந்ததில்லை. ஓர் எண் எங்கே, யார் கையால், எந்தக் கருவியில் பிறந்தது என்று விசாரிக்காமல் அதைத் தொடக்கூடாது என்பதே இந்தத் தொழிலின் பாதி. இந்த விசாரணை உங்களுக்குச் சலிப்புத் தருமா, சுவாரசியமாக இருக்குமா என்பதை அந்த இரண்டு மாதத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

உங்கள் சித்தப்பா சொன்னது உண்மைதான். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஒன்றான இதய, நுரையீரல், இரத்த நிறுவனத்தின் நிதியில், உயிர்ப்புள்ளியியல் கோடைப் பயிற்சி நிலையங்களைப் பல பல்கலைக்கழகங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஆறு வாரம், இளநிலை மாணவர்களுக்கானவை. ஆனால் அந்தப் பயிற்சியில் சேர அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ வேண்டும். ஆகவே உங்களுக்கு அந்த வழி இல்லை. சித்தப்பாவின் பிள்ளைகள் யாராவது கல்லூரியில் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது அந்தப் பயிற்சியின் அமைப்பு. பாடம் சில மணி நேரம், பிறகு மெய்யான ஆய்வின் தரவோடு வேலை, இடையிடையே இத்தொழிலில் இருப்பவர்களோடு சந்திப்பு, முடிவில் நான்கு பேருக்கு முன் நின்று கண்டதைச் சொல்வது. அங்கே பாஸ்டன் நகரில் பயிலும் மாணவர்களுக்குக் கையருகே கிடைப்பது, ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் நடக்கும் இதய ஆய்வு. 1948-இல் அந்தச் சிற்றூரின் 5,209 பேரோடு தொடங்கி, அவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வரை தொடர்ந்து வரும் ஆய்வு அது. அதற்கு இணையாக நம் ஊரில் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே உங்களுக்குத் திறந்திருக்கும் முதல் வழி, பெங்களூர் இந்திய அறிவியல் அகாடமி, டெல்லி இந்திய தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜ் தேசிய அறிவியல் அகாடமி ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி உதவித்திட்டம். தேர்வானால் இரண்டு மாதம் ஓர் ஆய்வாளரிடம் உதவித்தொகையோடு வேலை செய்யலாம். விண்ணப்பம் கோடைக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும், ஆசிரியர் ஒருவரின் பரிந்துரையும் வேண்டும். எனவே இந்த வாரமே உங்கள் பேராசிரியரைப் பாருங்கள். தேர்வாவோர் விண்ணப்பிப்போரில் ஒரு சிறு பங்கினரே என்பதால் இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

இரண்டாவது வழி நேராகப் போய்க் கேட்பது. என் அனுபவத்தில் அதிகம் பலித்ததும் இதுதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் உயிர்ப்புள்ளியியல் துறை, புதுச்சேரி ஜிப்மர், சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரித்து வரும் அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகிய இடங்களில் எல்லாம் முழுநேரப் புள்ளியியலாளர்கள் இருக்கிறார்கள். மாணவர்களை எடுப்பதும் எடுக்காததும் ஆண்டுக்கு ஆண்டு, ஆளுக்கு ஆள் மாறும். சில இடங்களில் சிறு கட்டணம் இருக்கும், பெரும்பாலும் தங்குமிடம் உங்கள் பொறுப்பு. திருச்சியிலேயே மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே சமூக மருத்துவத் துறையில் எம்.டி. மாணவர்களின் ஆய்வேட்டுக்குத் தரவு அலசிக் கொடுக்க ஆள் கிடைக்காமல் தவிப்பார்கள். பெயர் பெரிதாக இல்லாவிட்டாலும், காலையில் வார்டில் படிவம் நிரப்புவதையும் மாலையில் அது எக்செல்லில் ஏறுவதையும் ஒரே நாளில் பார்க்கக் கிடைக்கும் இடம் அதுதான். பெரிய நிறுவனத்தின் குளிரூட்டிய அறையில் ஓரமாக உட்கார்ந்து இரண்டு மாதம் கழிப்பதைவிட இதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கேட்டுப் போவதற்கு முன், டிசம்பர் விடுமுறையில் ஒரு சின்னத் தயாரிப்பு செய்யுங்கள். பேனாவும் கால்குலேட்டரும் போதும்.

1948-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை நுரையீரல் காசநோய்க்குச் சோதித்த முடிவை வெளியிட்டது. யாருக்கு மருந்து என்பதைச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு தீர்மானித்து, மூடி முத்திரையிட்ட உறைகளில் வைத்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். மருந்தோடு படுக்கை ஓய்வு பெற்றோர் 55 பேரில் ஆறு மாதத்துக்குள் 4 பேர் இறந்தார்கள். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். இந்த நான்கு எண்களைத் தாளில் எழுதுங்கள். ஒரு பக்கம் 7.3 சதவீதம், மறுபக்கம் 26.9. நீங்கள் ஏற்கெனவே படித்திருக்கும் சூத்திரத்தைப் போட்டால் வித்தியாசத்துக்கு 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் அடங்கியிருக்கும் என்று எதிர்பார்க்கும் எல்லை, ஏறத்தாழ 5.8 முதல் 33.5 சதவீதப் புள்ளி வரை வரும். பரீட்சையாக இருந்தால் இங்கே அடிக்கோடு போட்டு விடையை முடித்துவிடுவோம். உயிர்ப்புள்ளியியலாளர் வேலையைத் தொடங்குவது இங்கேதான். எல்லோருக்கும் மருந்து கொடுக்காமல் குலுக்கிப் போட்டது நியாயமா? அன்றைக்கு அந்நாட்டில் மருந்தே போதுமான அளவு இல்லை. ஓய்வு மட்டும் பெற்றவர்களுக்குத் தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பது தெரியுமா? தெரியாது, இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அதை அனுமதிக்காது. அதைவிட முக்கியமான கேள்வி, ஆறு மாதத்தில் ஏன் நிறுத்தினோம் என்பது. அதே நோயாளிகளை ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது மருந்து பெற்றவர்களில் 32 பேரும், பெறாதவர்களில் 35 பேரும் இறந்திருந்தார்கள். அந்தப் பெரிய வித்தியாசம் ஏறக்குறையக் கரைந்துவிட்டது. தனி மருந்தாகக் கொடுத்ததால் கிருமி அதற்குப் பழகிவிட்டது. எந்த நாளில் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது. அந்த நாளை முன்கூட்டியே தீர்மானித்து எழுதிவைக்க வேண்டிய பொறுப்பு உங்கள் தொழிலைச் சேர்ந்தது.

கிருமி அப்படிப் பழகாமல் இருக்க, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. அதன் தொடர்ச்சிதான் சென்னையில் நடந்த ஆய்வு. மேலே சேத்துப்பட்டு நிறுவனத்தைக் குறிப்பிட்டேன் அல்லவா, அது 1956-இல் காசநோய் வேதிச்சிகிச்சை மையமாகத் தொடங்கியது. நம் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும், சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து, ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். ஆகிய இரு மருந்துகளையும் ஓராண்டு கொடுத்து, சானடோரியத்தில் படுக்கவைத்துப் பார்ப்பதையும் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதையும் ஒப்பிட்டன. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று. வீட்டில் நெரிசல், ஏழ்மை, கூலி வேலை. 1959-இல் வெளியான முடிவு, வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய அதே அளவு பலன் தந்தது என்று காட்டியது. வீட்டில் உடன் இருப்போருக்கு அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதை அதைத் தொடர்ந்து வந்த கட்டுரை காட்டியது. அதன் பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் தம் இடத்தை இழந்தன. இதில் உங்கள் கண்ணில் படவேண்டியது, வீட்டில் மாத்திரையை உண்மையாகவே சாப்பிட்டார்களா என்பதை எப்படி அறிந்தார்கள் என்பது. முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். கட்டுரையின் அட்டவணையில் ஒரு வரியாக நிற்கும் எண்ணுக்குப் பின்னால் இத்தனை நடை இருக்கிறது. ஃபிரேமிங்ஹாமுக்கு இணை என்று சொன்னேனே, இதைத்தான் சொன்னேன்.

அடுத்து, ஆர் மென்பொருளை நிறுவிக்கொண்டு, அதன் சர்வைவல் தொகுப்பில் லங் என்ற பெயரில் உள்ள தரவைத் திறங்கள். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 228 பேர். 165 பேர் இறந்துவிட்டார்கள், மற்ற 63 பேரைப் பற்றிக் கடைசியாகத் தெரிந்த நாளில் உயிரோடு இருந்தார்கள் என்பது மட்டும் தெரியும். நாட்கள் உள்ள பத்திக்கு நேராக இடைநிலை எண் எடுத்தால் 255.5 நாள் என்று வரும். உயிரோடு இருந்தவர்களை, கடைசியாகக் கண்ட நாள் வரை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளும் கப்லான்–மேயர் முறையில் எடுத்தால் 310 நாள். முதலாவது கணக்கு, அந்த 63 பேரும் கடைசியாகக் கண்ட அன்றே இறந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. அதனால்தான் ஐம்பது நாளுக்கு மேல் குறைகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை, புள்ளியியல் தெரியாத உங்கள் அம்மாவுக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிப் பாருங்கள். இன்னொரு சிறு எச்சரிக்கை: அதில் உயிரோடு இருப்போருக்கு 1 என்றும் இறந்தோருக்கு 2 என்றும் குறித்திருக்கிறார்கள், 0, 1 என்று பழகியவர்கள் அங்கேதான் இடறுவார்கள். என் 99 கதையை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

உயிரியல் படிக்காததைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். என்னோடு வேலை செய்தவர்களில் பாதிப்பேர் உங்கள் பிரிவிலிருந்து வந்தவர்களே. ஒவ்வோர் ஆய்விலும் நோய் மாறும். ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்கக் கூச்சப்படாதவராக இருந்தால் போதும். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தின் வழியாக நடத்தும் சுகாதார ஆராய்ச்சி அடிப்படைப் பாடத்தை இலவசமாகவே கேட்கலாம். மருத்துவர்கள் எந்தச் சொல்லை எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்பது அதில் பிடிபட்டுவிடும்.

அப்பாவுக்கு நேரான பதில் சொல்ல வேண்டும். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் இந்தத் துறையில் கிடைப்பது பெரும்பாலும் தரவுப் பதிவு, தரவு மேலாண்மை வேலைகள். புள்ளியியலாளர் என்ற பெயரில் உட்கார எம்.எஸ்சி. வேண்டும். வேலூர், ஜிப்மர், பெங்களூர் நிம்ஹான்ஸ், மணிப்பால் ஆகிய இடங்களில் உயிர்ப்புள்ளியியலுக்கென்றே எம்.எஸ்சி. உண்டு, இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வு உண்டு. பொதுப் புள்ளியியல் எம்.எஸ்சி. படித்துவிட்டு வருவதிலும் குறையில்லை, கணித அடித்தளம் அதில் உறுதியாகவே இருக்கும். அதன் பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. பெங்களூர், ஹைதராபாத், சென்னை ஆகிய நகரங்களில் மருந்துச் சோதனைகளின் தரவைக் கையாளும் நிறுவனங்கள் நிரலாளர்களையும் புள்ளியியலாளர்களையும் எடுக்கின்றன. சம்பளம் நன்றாக இருக்கும், சாஸ் கேட்பார்கள், இப்போது ஆர் தெரியுமா என்றும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆராய்ச்சி நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் தொடக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் திட்டப் பணி. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும், அடுத்ததைத் தேட வேண்டும். நிரந்தர இடத்துக்குச் சில ஆண்டு பொறுமையும், பல நேரம் பிஎச்.டி.யும் தேவைப்படும். இதை மறைத்து உங்களை இங்கே இழுக்க நான் விரும்பவில்லை.

கடைசியாக, அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்பதைச் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கு ஒவ்வொரு பொங்கலுக்குப் பிறகும் மின்னஞ்சல்கள் வந்து குவியும். தங்கள் மேன்மையான நிறுவனத்தில் பயிற்சி பெறப் பேரார்வம் கொண்டிருக்கிறேன் என்று தொடங்கி, நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பிய கடிதத்தைப் பாதிக்கு மேல் யாரும் படிப்பதில்லை. ஒருமுறை ஒரு மாணவர், நான் பங்கெடுத்த ஆய்வுக் கட்டுரை ஒன்றின் இரண்டாம் அட்டவணையில் வரிகளின் கூட்டுத்தொகை மொத்த எண்ணிக்கைக்கு ஒத்துவரவில்லையே, விடுபட்ட மதிப்புகளை எப்படிக் கையாண்டீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தார். அன்று மாலையே அவரை வரச் சொன்னோம். நீங்களும் அப்படி ஒருவருக்கு ஒரு கடிதம் என்ற கணக்கில், எட்டு வரிக்குள் எழுதுங்கள்: யார், எந்த ஆண்டு, அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எது விளங்கவில்லை, உங்களால் இப்போது என்ன செய்ய முடியும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும். பல்கலைக்கழகத் தேர்வு மே நடுவரை இழுத்துவிடும் என்பதால் தேதியைத் துறைத்தலைவரிடம் உறுதி செய்துகொண்டு எழுதுங்கள். போனஃபைடு சான்றிதழையும் அப்போதே வாங்கி வையுங்கள். லங் தரவைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு பக்கத்தை இணைப்பாக அனுப்பலாம். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் இன்னொரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்றாவது முறை எழுத வேண்டாம். பட்டியலில் அடுத்த பெயருக்குப் போங்கள்.